பின்னால் ஒரு வயிறு வருது

அவர் பைக்கில் பின்னால் பார்க்கிற கண்ணாடி கிடையாது. புதிதாக வாங்கியபோது இருந்தது. ஜன்னல் திரை மாட்டுகிற நீளக் கம்பிகளைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு ஓட்டுகிற வண்டியில் கண்ணாடி எத்தனை நாள் தாங்கும்? ஒன்று கம்பி இடித்து உடைந்தது. இன்னொன்றை அவரே கழற்றி, சவரம் செய்ய வைத்துக்கொண்டார். யாராவது கேட்டால், "கண்ணாடிதான் பின்னாடி உக்காந்திருக்கே" என்று மனைவியைக் காட்டுவார். அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து திரை போட்டுக் கொடுப்பது இருவருக்கும் தொழில். தைப்பது அவள். சுவரில் ஓட்டை போட்டுக் கம்பி மாட்டுவது அவர். போகும்போது துணி மூட்டை அவள் மடியில் இருக்கும். மூட்டைக்கு மேல் அவள் முகம் மட்டும் தெரியும். பின்னால் கார் வந்தால், எந்தப் பக்கம் வருகிறதோ அந்தத் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

தட்டினால் ஒதுங்குகிற ஆளா அவர்? அந்த இளவயதில் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. ஹாரன் அடித்தால் வேண்டுமென்றே மெதுவாகப் போவார். ஒருநாள் ஒரு கார் ஹாரனிலிருந்து கையே எடுக்காமல் வந்து, கம்பிகளை உரசிக்கொண்டு முந்தியது. வண்டி ஆட்டம் கண்டதில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த சிக்னலில் அவர் அந்தக் காருக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். உள்ளே டை கட்டிய ஒருவர். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, தப்புதாண்ணே. வயிறு சரியில்ல. வீட்டுக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன், அப்புறமா அடிங்கண்ணே."

அவர் மடித்த கையை இறக்கிவிட்டார். பிறகு வண்டியைத் தள்ளி வழிவிட்டார். அதோடு விட்டாரா? முன்னால் நின்றவர்களையும் ஓடி ஓடி ஒதுக்கி, காரை வழியனுப்பி வைத்தார். வீடு போய்ச் சேரும்வரை அவள் சிரித்த சிரிப்பில் மடியில் மூட்டை குலுங்கிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து அவசரப்படுகிற கார் எல்லாமே அவர்களுக்கு வயிறுதான். "பின்னால் ஒரு வயிறு வருது" என்று அவள் தோளைத் தட்டுவாள். அவர் ஓரமாக ஒதுங்கி, ஒரு கையால் தன் வயிற்றைத் தடவிக் காட்டுவார். அவள் சிரிப்பாள். பழைய கோபம் போன இடம் தெரியவில்லை. வெயிலிலும் தூசியிலும் அந்த முதுகுக்குப் பின்னால் சிரித்த மாதிரி அவள் வேறெங்கும் உட்கார்ந்து சிரித்ததில்லை.

பிறகு அவளுக்கு முழங்கால் மக்கர் பண்ணியது. காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை. மகள் அப்போதுதான் கார் வாங்கியிருந்தாள்.

"அம்மாவும் துணியும் என்னோட வரட்டும். நீங்களும் ஏறுங்கப்பா."

"கம்பியை எங்க வைப்ப? என் தலையிலயா?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை உதைத்தார்.

மனைவி விடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டு கண்ணாடியும் மாட்ட வைத்தாள். கம்பிகளைத் தாழ்த்திக் கட்டச் சொன்னாள். ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை காலம் தோளால் பார்த்தே பழகிய மனுஷன் கண்ணாடியையா பார்க்கப் போகிறார்? தட்ட ஆளில்லாமல் ஒரு கார் வந்து இடித்துவிட்டால்?

முதல் நாள் அவர் முன்னால் கிளம்பிவிட்டார். பாதி வழியில்தான் கார் அவரை எட்டிப் பிடித்தது. இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்த குறுகலான தெரு. அவர் நடுவில் போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா அப்பா ஊர்வலம் போறாரு? ஓரமா போனா என்ன?"

"நிக்கிற கார்லேருந்து யாராவது படக்குனு கதவைத் திறப்பாங்க. அதனாலதான் தள்ளிப் போறாரு. நீ நெருங்காத."

"எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சும்மா."

கார் நெருங்க நெருங்க, பின்சீட்டில் இருந்த அவள் கை தானாக எழுந்து முன்சீட்டைத் தட்டியது. சீட்டுக்கு என்ன தெரியும்? அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் மகள் ஹாரனை அழுத்திவிட்டாள்.

அவர் தலை கண்ணாடிப் பக்கம் லேசாகத் திரும்பியது. இடைவெளி வந்ததும் பதற்றமில்லாமல் ஒதுங்கினார். பிறகு ஒரு கையைக் கீழே இறக்கி, தன் வயிற்றைத் தடவினார். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வழக்கம்போல அவள் சிரிப்புக்குக் காத்திருந்தார். பின்னால் சீட்டு காலியாக இருந்தது.

"அம்மா, அப்பா வயித்தைப் பிடிச்சுக்கறாரு. ஏதோ பண்ணுது போல. நிறுத்தட்டுமா?" மகள் பதறினாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லடி. அந்த வயிறு நாமதான்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்து, அந்தப் பழைய கதையைச் சொன்னாள். கதையைக் கேட்ட மகள் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவரை முந்தாமல், இடைவெளி விட்டுப் பின்னாலேயே ஓட்டினாள். ஆபீசைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு அவர்கள் நடந்து வந்தபோது, அவர் திரை மாட்ட வேண்டிய வீட்டு வாசலில் கம்பிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன், பாத்தேன். வழியில ஒரு வயிறு வந்துச்சு. ஒதுங்கி வழி விட்டேன், ஆனா முந்தவே இல்ல. பாதியிலயே சரியாயிடுச்சு போல."

மகள் குனிந்து மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் கம்பியின் ஒரு முனையை மனைவியிடம் நீட்டினார்.

"கண்ணாடி நல்லாத்தான் காட்டுது," என்றார். "சிரிக்கத்தான் மாட்டேங்குது."