என் வரிக்கு மேல் அவர் பெயர்

மன்னிக்கிற குணம் எனக்குக் கிடையாது. சிங்காநல்லூரில் நான் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தின் டீம் லீடரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒரு நூல்மில்லின் சரக்குப் பட்டியல் திரையில் வர ஐந்து நிமிடம் ஆனது. பட்டியல் வந்தால்தான் லாரிக்கு கேட் பாஸ். எந்த இண்டெக்ஸ், அதாவது எந்தத் தேடல் அட்டவணை, வழியாகத் தேடுவது என்று டேட்டாபேஸ் தானே முடிவெடுக்கும். அது தப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. தேதி இண்டெக்ஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று, தேடச் சொல்லும் குவெரிக்குள் ஒரு ஹிண்ட் எழுதினேன். பட்டியல் உடனே வந்தது.

ஹிண்ட் என்பது ஆட்டோக்காரரிடம் வழி சொல்வது போல. சாலையைத் தோண்டிப்போட்ட பிறகும் அதே வழியில்தான் போகச் சொல்லும். மில்லின் வெள்ளகோவில் யூனிட்டின் பழைய சரக்கு முழுவதையும் ஒரே தேதியில் ஏற்றப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குமுன் இந்த வரியை எடுத்துவிடவும் என்று மேலே எழுதி, அலுவலக வழக்கப்படி என் பெயரையும் போட்டேன்.

டீம் லீடர் அந்தக் குறிப்பு, பெயர் இரண்டையும் அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். மில் முதலாளியிடம் பாராட்டு, பின்னாலேயே பதவி உயர்வு. எனக்கு வரவேண்டியது. போய்க் கேட்டேன்.

"டீம்னா எல்லாம் ஒண்ணுதானுங்க அம்மணி. யாரு பேரு இருந்தா என்னங்க?" என்று சிரித்தார்.

வெள்ளகோவில் சரக்கு ஏறிய அன்றே பட்டியல் படுத்துவிட்டது. ஹிண்ட் சொன்னபடி டேட்டாபேஸ் அந்த ஒரு தேதிக்குள் கிடந்த அத்தனையையும் புரட்டியது. கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் பாவம்தான். அவர் மெமரி சேர்த்துப் பார்த்தார், சர்வரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் டேட்டாபேஸில் நான் செய்த டேபிள் வடிவமைப்புதான் கோளாறு என்று எல்லாருக்கும் மெயில் போட்டார். எடுக்க வேண்டியது ஒரே வரி. நான் வாயே திறக்கவில்லை. மூன்று நாளும் எனக்கு டீ அமிர்தமாக இறங்கியது.

நான்காம் நாள் மில் முதலாளியே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எல்லார் முன்னாலும் குவெரியைப் பெரிய திரையில் போட்டு, அந்த வரியை மட்டும் நீக்கி ஓட்டிக் காட்டினேன். டேட்டாபேஸ் இப்போது தானே சரியான வழியைப் பிடித்தது. இதை எழுதியது யார் என்று கேட்டார் முதலாளி. திரையில் அந்த வரிக்கு மேலிருந்த பெயரைக் காட்டினேன். தன்னுடையது இல்லை என்று லீடரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் அவருடைய பதவியைப் பறித்தார்கள். மாலையில் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"மொத நாளே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க," என்றேன். அவர் கண் கலங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.