ரோட்டுக்குப் பயந்த அத்தான்

அந்த அறுவடை மெஷின் தார்ச்சாலை ஓரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் இருக்கையை விட்டு இறங்கி, லோன்ஜிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “யாராவது இதை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றார். அப்போதுதான் சாலைக்கு இந்தப் பக்கத்து வயலை ஒரு கதிர் விடாமல் அறுத்து முடித்திருந்தார். வரப்பு மூலையில் அவர் மெஷினைத் திருப்பிய லாவகத்தை, வயலுக்குச் சொந்தக்காரரான எங்கள் மாமா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சின்னச் சாலையைக் கடக்க வரவில்லையாம்! “என்ன மாப்ளே, தாரு கடிக்குமா?” என்று மாமா கேட்டார். அத்தான் சிரித்தாரே தவிர ஏறவில்லை. கடைசியில் மாமாவின் டிராக்டர் ஓட்டுகிற ஆள் வந்து அதை அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தான். அத்தான் பின்னாலேயே நடந்து போய், ஏறி உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல அறுக்க ஆரம்பித்தார்.

எனக்கு எதையாவது பார்த்தால் ஏன், எப்படி என்று கேட்காமல் தூக்கம் வராது. தாகேதாவில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். வருகிற பெண்களின் கதை எல்லாம் என் காதில்தான் விழும். ஆனால் எங்கள் வீட்டு மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அத்தான் என் அக்காவின் கணவர். கல்யாணமான கொஞ்ச நாளில் பர்மா எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனவர், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் அங்கே ஒரு பண்ணையில் பல வருஷம் கிடந்தார். ஒருவழியாகத் திரும்பி வந்ததும் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “இனிமே போறதா இருந்தா என்னையத் தாண்டித்தான் போகணும்.” அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆனால் இங்கே பிழைப்பு?

அந்த நேரம் பார்த்துத்தான் த்வாண்டேயில் மாமாவுக்கு ஆள் பஞ்சம் வந்தது. இளவட்டம் எல்லாம் லைங் தாயா தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கும் தாய்லாந்துக்கும் போய்விட, முந்தைய வெயில்கால அறுவடையில் முற்றிய நெல் வயலிலேயே சாய்ந்து முளைத்துப்போனது. கிடைத்ததெல்லாம் ஒரு பெண்கள் கூட்டம்தான். அதற்குத் தலைவியான அம்மாளை நாங்கள் டோஜீ என்போம், பெரியம்மா என்கிற மாதிரி. அவரும் அவர் பெண்களும் கை ஓய அறுத்தும் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. மாமா மனம் வெறுத்துப்போய்த் தவணையில் மெஷின் எடுத்தார். ஓட்ட ஆள் தேடியபோது, “எனக்குத் தெரியும் மாமா, அங்க இதத்தான் ஓட்டுனேன்” என்று அத்தான் முன்னால் வந்தார். இந்த வேலை நிலைத்தால் அத்தான் ஊரில் இருப்பார், போனால் மறுபடி எல்லைதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவர் சாலையோரம் இறங்கி நின்றதும் அக்காவின் முகம் அப்படிச் சுண்டிப்போனது.

மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு போய் மரநிழலில் அவர் எதிரே உட்கார்ந்தேன். அறுவடைக்கு அறுவடை சமையலுக்கு ஒத்தாசையாக நான் மாமா வீட்டுக்குப் போவது வழக்கம். “நிஜத்தச் சொல்லுங்க அத்தான். ரோட்டுல பேய் கீய் இருக்கா?” என்றேன். “போ புள்ள, வேலையப் பாரு.” நான் விடுவேனா? மாங்காய் ஊறுகாயை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னால்தான் தருவேன் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

அந்தப் பண்ணையில் அறுக்கிறவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள்தானாம், ஒருத்தரிடமும் அனுமதிக் கார்டு கிடையாதாம். அறுப்பு மும்முரத்தில் போலீஸ் வண்டி வரும். கத்தியைப் போட்டுவிட்டு ஆளாளுக்குக் கரும்புக்குள் ஓடுவார்கள். மறுநாள் எண்ணினால் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். “ஒரு வருஷம் நெல்லு பூரா போச்சு. ஓடுற ஆளுங்கள நம்பி இனி விவசாயம் பண்ண முடியாதுன்னு முதலாளி மெஷின் வாங்குனாரு.” “அப்புறம்?” “அப்புறம் என்ன, அத ஓட்ட ஒரு ஆளு வேணும்ல? என்னையக் கூப்பிட்டாரு.” எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “வயலுக்குள்ள நான்தான் டிரைவரு. ரோடு வந்தா முதலாளி மகன் ஏறிக்குவான். ரோட்டுல நான் யாரு? எங்கூட ஒரே கொட்டாயில இருந்தவன், ஒரு மத்தியானம் எதிர்ப்பக்கம் ஐஸ் வாங்கிட்டு வரேன்னு போனான். ரோட்டுலயே போலீஸு புடிச்சிருச்சு. அவன் தட்டுல போட்ட சோறு அப்படியே கெடந்துச்சு. இங்க ஒண்ணும் ஆகாதுன்னு புத்திக்குத் தெரியுது புள்ள. காலு கேக்க மாட்டேங்குது.” ஊறுகாய் முழுவதையும் அவர் தட்டில் வைத்துவிட்டேன்.

அன்று முழுவதும் எனக்கு அதே யோசனை. இங்கே ஆள் இல்லை என்று மெஷின் வந்தது. இங்கே இல்லாத ஆட்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் இருந்தும் நம்ப முடியாது என்று அங்கேயும் மெஷின் வந்தது. அதை ஓட்ட, நம்ப முடியாத அதே கூட்டத்திலிருந்துதான் ஓர் ஆளை எடுத்தார்கள். அந்த ஆள் திரும்பி வந்து இங்கே ஓட்டுகிறார். யாருக்கு யார் வேண்டும், யாருக்கு யார் வேண்டாம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்காவிடம் சொன்னபோது, “உனக்கு வேற வேலை இல்ல” என்றாள்.

நாலைந்து நாள் கழித்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அத்தான் அப்போது கால்வாய்க்கரை வயலில் இருந்தார். முழங்கால் சேறு. மெஷின் அமிழ்வது போல அமிழும், அத்தான் முன்னும் பின்னும் ஆட்டி, எருமை எழுந்து வருவது போல அதைக் கிளப்பிக் கொண்டு வந்துவிடுவார். நான் வரப்பில் நின்று கை தட்டினேன். அதை முடித்துச் சாலைக்கு வந்தால், டிராக்டர்காரன் இல்லை. அவன் மாமனாருக்கு உடம்பு சரியில்லையென்று டலா பக்கம் போயிருந்தான். அந்தப் பக்கத்து வயல் நன்றாக முற்றி நின்றது. அதன் வரப்பில் டோஜீயும் அவர் பெண்களும் ஓலைத்தொப்பியும் அரிவாளுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் சாலையைத் தாண்டாவிட்டால் மாமா அவர்களைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும்.

மாமாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. “ஏறு மாப்ளே! மழ வந்து எல்லாம் போகட்டுமா? ரோட்டத் தாண்டத் தெரியாத டிரைவர வச்சு நான் பூசையா பண்ணறது? நாளைக்கே வேற ஆளப் பாக்குறேன்!” அத்தான் ஏறினார். மெஷின் கரையில் ஏறியது, தாரில் மூக்கை வைத்தது, நின்றது. அத்தானுக்கு முகமெல்லாம் வியர்வை. அப்போது அக்கா ஒரு காரியம் செய்தாள். யாரையும் கேட்காமல் நடுச்சாலையில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். “ஒருத்தனும் வரல. வாங்க” என்றாள். அத்தான் ஏதோ முணுமுணுத்தார். “கார்டா? நம்ம ஊரு கார்டு சட்டப் பையிலதாங்க இருக்கு. தொட்டுப் பாருங்க!” என்று கத்தினாள். அவர் பையைத் தொட்டார். மெஷின் அக்காவை ஒட்டினாற்போல மெல்ல உருண்டு சாலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கியது. நான் கத்தின கத்தலில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கியே விட்டார். வரப்பில் இருந்த பெண்கள் எழுந்து, பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, வழி விட்டார்கள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் நெல் மூட்டை ஏறிவிட்டது. மெஷின் கொட்டகையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டோஜீ நனைந்துகொண்டே வந்தார். அத்தான் எதிரே குந்தி உட்கார்ந்து பர்மியில் நேராகக் கேட்டார். “தம்பி, உன்னை எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போனவன் நம்பரைக் கொடு. இங்கே எங்களுக்கு இனி என்ன இருக்கு?” அத்தான் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “அது நல்ல எடம் இல்ல டோஜீ” என்றார். “அங்கே மெஷின் இல்லையா?” “இருக்கு.” “அப்புறம் எதுக்கு நம்ம ஆளுங்க?” “மெஷின் எறங்காத எடம் இருக்குமே. சேறு, பள்ளம், சாஞ்ச பயிரு... அதுக்கு.” டோஜீ முகத்து மழைத்தண்ணீரை வழித்துவிட்டார். “அதுக்கு நான் எதுக்குப்பா அவ்வளவு தூரம் போகணும்? பள்ளமும் சேறும் இங்கேயே கிடக்கே” என்றார். நம்பருக்குக் காத்திருக்கவில்லை. “நாளைக்கு வரேன், எழுதி வை” என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

மறுநாள் காலை மிச்சம் இருந்தது பள்ளத்து வயல் மட்டும்தான். தண்ணீர் கட்டி, நெல் சாய்ந்து கிடந்தது. மாமா, “எறக்கு மாப்ளே” என்றார். அத்தான் வரப்பில் நின்று பார்த்தார். “முடியாது மாமா. மாட்டிக்கும்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்வாய்க்கரையில் இதைவிட மோசமான சேற்றில் அவர் ஆடிய ஆட்டத்தை நான்தான் பார்த்திருந்தேனே! மாமாவும் விடவில்லை. “ரோட்டுக்குப் பயந்த, சரி. இப்ப சேத்துக்குமா பயம்?” அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா மாமா. பயமாத்தான் இருக்கு. நீங்க வேற டிரைவர வச்சுக்குங்க.” பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்தாள். ஏறுங்க என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் ஏறியிருப்பார். அவள் சொல்லவில்லை. மாமா வாய்க்கு வந்தபடி திட்டினார். மழை மறுபடி தூறத் தொடங்கியது. வேறு டிரைவர் வர ஒரு நாளாவது ஆகும். கடைசியில் காலால் மண்ணை உதைத்துவிட்டு, “போய் டோஜீயக் கூப்பிட்டு வா” என்று என்னைத்தான் விரட்டினார். நான் ஓடினேன்.

அதற்கப்புறமும் அறுவடைகள் வந்து போயிருக்கின்றன. டோஜீ கூட்டத்தில் இரண்டு பெண்கள் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நம்பர் வேறு எங்கோ கிடைத்தது. டோஜீ போகவில்லை. பள்ளத்து வயல் என்றால் அவர் கூட்டம்தான் என்பது ஊரிலேயே வழக்கமாகிவிட்டது. மாமா வேறு டிரைவர் வைக்கவுமில்லை. அத்தான் இப்போதெல்லாம் சாலையை யாரையும் கேட்காமல் கடக்கிறார். சேறு என்றால் மட்டும் பயம். எத்தனையோ தடவை தனியாகப் பிடித்து, “நிஜமாவா அத்தான்?” என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். “பயம்தான் புள்ள” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

போன மாதம் த்வாண்டே டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாமா நாலு பேர் கேட்க ஆரம்பித்தார்: “நம்ம மாப்ள ஓட்டுறதுல சூரன். சேத்தக் கண்டா மட்டும் சின்னப்புள்ள மாதிரி நடுங்கிடுவாரு.” கடையே சிரித்தது. அத்தான் காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து மேசையில் இருந்த டோஜீதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். “இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிய நான் பாத்ததே இல்ல!” என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். பிறகு தன் தட்டில் இருந்த பலகாரத்தை எடுத்து, யாரும் பார்க்காதபோது, அத்தான் தட்டில் வைத்தார்.