வெள்ளைச்சுட்டி நின்ற மத்தியானம்

காய்ந்த புல்லும் குதிரைச் சாணமும் உப்புக்காற்றும் கலந்த ஒரு மணம்... நெடுந்தீவு என்றதும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

நேர்ஸாக என் முதல் போஸ்டிங் அங்கேதான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி. குறிகட்டுவானில் படகேறி, வழி முழுக்க சத்தி எடுத்து, அரை உயிரோடு போய் இறங்கினேன். சிசிலி அக்கா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அங்கே நேர்ஸை 'மிஸ்ஸி' என்பார்கள், அவருக்கும் நான் மிஸ்ஸிதான். அவருடைய கணவர் சூசை அண்ணை கடற்தொழிலாளி. பிள்ளைகள் இல்லை. ஒரு நாய், ஒரு பூனை, பின்னேரங்களில் மதிலோரம் வந்து போகும் குதிரைகள்... அவ்வளவுதான் வீடு.

குதிரை நின்றபடியே நித்திரை கொள்ளும் என்று படித்திருந்தேன். பார்த்தது அங்கேதான். மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரியால் வரும்போது புல்வெளியில் பத்துப் பதினைந்து நிற்கும். கண் பாதி திறந்திருக்கும். நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். ஆனால் கீழ்உதடு தொங்கியிருக்கும், ஒரு பின்னங்கால் குளம்பின் நுனியில் மட்டும் ஊன்றியிருக்கும். அப்படி நின்றால் நல்ல நித்திரை. எனக்கு அவற்றைத் தாண்டிப் போக ஒருவிதப் பயம். பார்க்கிற கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

சூசை அண்ணை கடலில் நிற்கும்வரை அந்த வீட்டில் யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். அது சிசிலி அக்காவின் சட்டம். நான் முதலில் சிரித்தேன். பிறகு ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே காரணம் சொன்னார். அவருடைய அப்பா கடலுக்குப் போன ஒருநாள் வீட்டில் எல்லோரும் அயர்ந்துவிட்டார்களாம். அப்பா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அந்த நாளும் வந்தது.

அக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். விடியப் போன அண்ணை மத்தியானமாகியும் வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. நான் நைட் டியூட்டி முடித்து வந்து, பனடோல் கொடுத்து, "நீங்கள் கண்ணயருங்கோ அக்கா, நான் முழிச்சிருக்கிறன்" என்றேன். பெரிய ஆள் மாதிரி! அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாயில் சரிந்தார். நான் வாசலில் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது வெயில் மதிலுக்கு அப்பால் போயிருந்தது. காற்று இல்லை. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. நாய் முற்றத்தில் கால்நீட்டி, பூனை கதிரைக்குக் கீழே சுருண்டு... எல்லாம் நித்திரை. தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியிருந்தது. மதில் இடிந்த இடைவெளியில், நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த பெண்குதிரை ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. வெள்ளைச்சுட்டி என்போம். எப்போதும் கூட்டத்தோடு வருவது, அன்று தனியாக.

பதறி எழும்பினேன். திரும்பினால் அக்கா பாயில் எழும்பி உட்கார்ந்திருக்கிறார்.

"நான் இப்பதான் முழிச்சனான் மிஸ்ஸி. வீடே நித்திரை. அது ஒண்டுதான் முழிச்சிருந்து காத்தது."

நான் மறுபடியும் பார்த்தேன். கீழ்உதடு தொங்கிக் கிடந்தது. இடது பின்னங்கால் நுனியில் நின்றது. கண்ணோரத்தில் இலையான் மொய்த்தும் இமை அசையவில்லை.

அதுவும் நித்திரை.

சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அந்த வீட்டில் இரண்டு மணித்தியாலமாக ஓர் உயிர்கூட முழித்திருக்கவில்லை என்று எந்த வாயால் சொல்ல?

கரைக்குப் போய் நின்றோம். அண்ணைக்கு ஏதும் நடந்திருந்தால் அது என் கண்ணிமையால் நடந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம் ஒரு படகு தெரிந்தது. அண்ணைதான். எஞ்சின் நின்று, ஃபோனும் நனைந்து, காற்றில்லாமல் அலைந்திருக்கிறார். களைப்பில் தானும் படகில் அயர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

"ஆரோ தோளில தட்டின மாதிரி இருந்தது. எழும்பிப் பாத்தா கிட்டவே கரை."

"எத்தினை மணிக்கு?" என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இப்போது நான் கொழும்பில். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை. அவர் கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தார் என்று ஃபோன் சொல்லிவிடும். அது மட்டும் போதாமல் நானும் முழித்திருக்கிறேன், யாருக்கும் சொல்லாமல். போன கிழமை கப்பலில் இருந்து மூன்று நாள் செய்தி இல்லை. மத்தியானம் கதிரையிலேயே அயர்ந்து, திடுக்கிட்டு எழும்பி முதலில் பார்த்தது ஜன்னலைத்தான். ஐந்தாம் மாடி ஜன்னலில் எந்தக் குதிரை வந்து நிற்கும்?

அழுகை வந்தது. அக்காவுக்கு ஃபோன் எடுத்து, இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அண்டைக்கு அந்தக் குதிரையும் நித்திரைதான் என்று.

அக்கா சிரித்தார். "நான் குதிரையளோட பிறந்து வளந்தனான் மிஸ்ஸி. நித்திரைக் குதிரையை எனக்குத் தெரியாதே? நீர் பயந்துபோய் இருந்தீர். அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

அப்போ யார் அக்கா முழித்திருந்தது என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. நெடுந்தீவுக் காற்று.

"அதை நான் இண்டைவரைக்கும் யோசிக்கிறேல்ல," என்றார். பிறகு, "நீர் போய்ப் படும். இண்டைக்கு நான் முழிச்சிருக்கிறன்."

படுத்தேன். விடிய என் கணவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாம்.

அக்கா உண்மையாகவே முழித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை... கேட்கவும் மாட்டேன்.