பட்டை பிளக்கும் வரை

முதலில் அதைக் காயம் என்றுதான் நினைத்தேன். மீன் குஞ்சுகளில் கொஞ்சம் வளர்ந்திருந்த ஒன்றின் மூன்றாவது கறுப்புப் பட்டையில், நட்டநடுவில், கடுகைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி. கல்லில் உரசியிருக்கும். அப்படி எண்ணும்போதே மீன் திரும்பியது. மறுபக்கத்திலும் அதே பட்டை, அதே இடம், அதே புள்ளி. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் எந்தக் கல் உரசும்? வாயில் பற்பசை நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டை பிளக்கத் தொடங்கியிருக்கிறது.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் வீடு. கூடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள், இரண்டிலும் லோச் மீன்கள். நம் வாய்க்கால் அயிரைக்குத் தூரத்து உறவு. வடகிழக்கு மலை ஓடைகளில் பிடித்து வருபவை. பெரிய தொட்டியில் இருப்பவற்றுக்கு உடம்பு முழுக்கச் சங்கிலி கோத்ததுபோல் கோடு. சின்னத் தொட்டியில் விரல்நுனி அளவுக் குஞ்சுகள், தடித்த கறுப்புப் பட்டைகளோடு. காஞ்சிபுரத்துக் கடைக்காரர் இரண்டு பெயர் சொல்லித்தான் விற்றார். மீன் வளர்ப்பவர்களின் போன் குழுவிலும் இரண்டும் வேறு வேறு இனம் என்றே பேச்சு. ஆனால் ஒவ்வொரு பட்டையும் நடுவில் பிளந்து, அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனால்? சங்கிலிதானே வரும்! குஞ்சு வேறு இனமே இல்லை, பெரியதன் சிறு வயது. விலங்கியல் படித்து முடித்து வீட்டில் சும்மா இருக்கும் எனக்கு, யாரும் சொல்லித்தராமல் நானாகக் கண்டது இது ஒன்றுதான்.

அன்றே குழுவில் எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. அங்கே எல்லோரும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் மட்டும் குரலில் பதில் அனுப்பினார்: “தங்கச்சி, ஒரே மீன சின்னதுலேர்ந்து பெருசு வரிக்கும் காட்டு. அதுவரிக்கும் அது வேற, இது வேற.”

நியாயம்தான். காட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் போனைக் கொண்டுபோனாலே மீன் பயந்து வெளிறிவிடும். பட்டை எது, புள்ளி எது என்று தெரியாது. கிடைத்ததெல்லாம் மங்கல் படங்கள். அதற்குள் ஒரு மழையில் டிரான்ஸ்ஃபார்மர் போய், ஊரே இருட்டானது. காற்று மோட்டார் நின்றது. டம்ளரால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தேன், கை மரத்துப்போகும்வரை. முதலில் செத்தது அந்தப் புள்ளிக்காரன்தான். செத்த மீனில் நிறம் நிற்காது. எடுத்துத் தட்டில் வைத்துப் படம் பிடிப்பதற்குள் புள்ளியும் பட்டையும் கரைந்து வெறும் சாம்பல். பெரிய தொட்டி தப்பிவிட்டது. மற்ற குஞ்சுகளும் அடுத்தடுத்த நாட்களில் போய்ச்சேர்ந்தன. கடைக்காரரைக் கேட்டால், இந்த வருஷச் சரக்கு முடிந்துவிட்டது என்றார்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. இருந்ததிலேயே சின்னது. புள்ளி இன்னும் விழாதது.

அது சாப்பிடுவதில்லை. ஒளிய இடமாக நான் போட்ட குழாய்த் துண்டுக்குள் போய் ஒண்டிக்கொள்கிறது. புழு போட்டேன், முட்டை மஞ்சள் கரு போட்டேன், வெள்ளரித் துண்டைக்கூடக் கல்லில் கட்டி இறக்கினேன். தொட்டிக்குமுன் நான் தவம் கிடப்பதைப் பார்த்து அண்ணன், “அயிரையா இருந்தா கொயம்புக்காவது ஆவும்” என்றான். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். வயிறு உள்ளே ஒட்டிப்போன மீன் எப்படி வளரும், வளராமல் பட்டை எப்படிப் பிளக்கும்? அதன் முதுகு நாளுக்கு நாள் கத்திபோலக் கூர்மையாகிறது. எழுந்ததும் அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. லோச் கூட்டமாக வாழும் மீன். தனியாக விட்டால் இரை எடுக்காது. இதற்கு இந்த வீட்டில் இருக்கும் துணை, பெரிய தொட்டிக்காரர்கள்தான். எனக்குப் பிடிபடாத ஆட்கள் அவர்கள். தங்களுக்குள்ளேயே மூலைக்கு மூலை முட்டிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும் முள்ளை விரித்தால் வலையே கிழியும். இந்தக் குஞ்சை ஏற்றுக்கொண்டாலும் ஒரே இனம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வேறு இன லோச்சோடும் அவை சேர்ந்து திரியும். ஏற்கவில்லை என்றால் என்னிடம் எதுவுமே இருக்காது.

குஞ்சைப் பெரிய தொட்டியில் விடப்போவதாக இன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பெருசுங்க கடிச்சி வெச்சா இன்னாடி பண்ணுவ?”

“இப்டியே வுட்டா மட்டும் பொயைக்குமா?”

அம்மா குனிந்து குழாய்த் துண்டைப் பார்த்தாள். பிறகு, “காலைல பண்ணு. கரண்டு கீறப்போ பண்ணு” என்றாள்.

காலையில் பெரிய தொட்டியின் கற்களையெல்லாம் கலைத்து இடம் மாற்றப்போகிறேன். யாருக்கும் எந்த மூலையும் சொந்தமாக இருக்கக்கூடாது. விளக்கை அணைத்து, பெரியவற்றுக்கு முதலில் வயிறு முட்ட இரை போட வேண்டும். அவை அசந்திருக்கும் நேரத்தில் குஞ்சைக் குழாயோடு சேர்த்துத் தூக்கி, பின்பக்க மூலையில் மெல்ல இறக்க வேண்டும். போனை வெளித் திண்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். படம் அப்புறம். முதலில் அது ஒரு வாய் தின்னட்டும்.