அறிவுச்செல்வி எழுதிய மூன்று மனுக்கள்

அறிவுச்செல்விக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது. மறுபடி எழுதியும் அது கரை சேரவில்லை. ஆனால் கட்டுரைப் போட்டி என்றால் அவளை அசைக்க ஆள் கிடையாது. திண்டுக்கல்லில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டி வைத்தாலும் டிபன் பாக்ஸோ சோப்பு டப்பாவோ வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவாள். மரம் வளர்ப்போம், சிறுசேமிப்பு, மதுவின் தீமை, தலைப்பு எதுவானாலும் சரி. மதுவின் தீமைக்காக அவள் வாங்கிய கேடயத்தை அவளுடைய அப்பா அடகு வைத்துக் குடிக்கப் பார்த்தார். வெறும் தகரம் என்று அடகுக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

படிப்பு நின்றதும் ஆல்வினுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆல்வினுக்குத் தோல் ஷாப்பில் வேலை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரை வழித்து, பதப்படுத்தும் இடத்துக்கு இந்த ஊரில் ஷாப் என்றுதான் பெயர். போய் எதையும் வாங்க முடியாது. நாற்றம் மட்டும் வீடு தேடி வரும். ஷாப்பின் கழிவுநீர் ஓடும் வாய்க்காலை ஒட்டித்தான் அவர்களுடைய தெரு. தெருவுக்கு ஒரே கிணறு, அதுவும் அந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில். நகராட்சிக் குழாய் தெரு முனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது.

கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். வாளியை வேகமாக இறக்கினால் நுரை கட்டும். சோப்பே இல்லாமல் நுரை வருகிற கிணறு வேறு எங்கே இருக்கிறது என்று தெருக்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். அறிவுச்செல்விக்கு அந்தச் சிரிப்பு ஒரு கட்டத்துக்கு மேல் வரவில்லை. மூன்று வயது மகள் சத்யபிரியாவுக்கு கையிலும் தொடையிலும் புண். குளிப்பாட்டினால் புண் அதிகமாகும். குளிப்பாட்டாவிட்டால் நாறும். ராத்திரியெல்லாம் பிள்ளை சொறிந்து சொறிந்து விரல் நகத்தில் ரத்தம் காய்ந்து கிடக்கும்.

தொண்ணூற்றெட்டுக் கோடைத் தொடக்கத்தில், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, தண்ணீர் லாரி கேட்டு முதல் மனுவை எழுதினாள். எதிர்வீட்டு ஜெய்தூன் பீவியைத் துணைக்குக் கூட்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெய்தூன் பீவிக்கு நாற்பது வயதிருக்கும். காலையில் இடியாப்பம் விற்பார். மிச்ச நேரமெல்லாம் வாய்க்கு வேலை.

மாதம் ஒன்றாகியும் லாரி வரவில்லை. மனுவின் நகலை வாசிக்கச் சொல்லிக் கேட்ட ஜெய்தூன் பீவி முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்.

"ஏத்தா, லாரி வேணும்னு எங்க எழுதிருக்க?"

"நாலாம் பக்கத்துல பீவிம்மா. முடிவுரையில."

"நாலாம் பக்கம் வர்றதுக்குள்ள நாம கபர்ஸ்தானுக்கே போய்ச் சேந்துருவோம். மொத மூணு பக்கத்துல என்னதான் இருக்கு?"

"தண்ணியோட பெருமை."

"அது எனக்கே தெரியும்டி. கலெக்டருக்குத் தெரியாதா? அவரென்ன பரிசா குடுக்கப் போறாரு?"

அறிவுச்செல்விக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு யோசித்தாள். போட்டிக்கு எழுதும்போது வாசிக்கிறவருக்கு வேறு வேலை கிடையாது, கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கோ மேஜை கொள்ளாத மனு. முதல் வரியில் பிடிக்காவிட்டால் கை அடுத்த தாளுக்குப் போய்விடும்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். 'எங்கள் தெருவுக்குத் தினமும் ஒரு லாரி குடிதண்ணீர் வேண்டும்' என்பதுதான் முதல் வரி. வேறெதையும் கேட்கவில்லை. ரெண்டு கேட்டால் ரெண்டில் லேசானதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெருமை, உயிர்நாடி, அமுதம் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கண்ணில் படுவதை மட்டும் எழுதினாள். பருப்பு வேகாது. வெள்ளைத் துணி மஞ்சளாகும். என் மகளின் உடம்பில் புண் ஆறவில்லை. அப்புறம் அதிகாரி என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று அவருடைய நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள். கோடையில் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்பார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது: 'மழைக்காலத்திலும் இதே நிறம்தான். ரம்ஜான் விடுமுறையில் மட்டும் நுரை அடங்குகிறது.'

எழுதியதும் அந்த வரியை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். டிபன் பாக்ஸ் வாங்கிய எந்தக் கட்டுரையிலும் அப்படி ஒரு வரி இருந்ததில்லை.

ஆல்வின் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான். "ஷாப் பேரு மட்டும் வந்துரக் கூடாது புள்ள. கஞ்சி ஊத்துற எடம்."

பெயர் வரவில்லை. அவனும் வாசித்துப் பார்த்து, "அடேயப்பா, வக்கீலு கணக்கா எழுதிருக்க" என்று சொல்லிவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டான். கையெழுத்து அதிகமிருந்தால் மனுவுக்குக் கனம் கூடும் என்று அவனே தாளை ஷாப்புக்கு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் வாங்கி வந்தான். சுண்ணாம்பில் வெந்த விரல்களின் ரேகை சரியாகப் பதியவில்லை. இருந்தாலும் வரிசையாகப் பதித்தார்கள்.

மனுவைக் கொடுத்த வாரமே கலெக்டர் ஆபீஸ் ஜீப் வந்தது. கிணற்றிலும் வாய்க்காலிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். அடுத்து லாரியும் வந்தது. தெருவே குடங்களோடு ஓடியது. ஜெய்தூன் பீவி தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பத்தோடு வந்து, "இந்தா, உனக்குப் பரிசு" என்றார். லாரித் தண்ணீரில் குளித்த சத்யபிரியாவின் புண் காய ஆரம்பித்தது. ஒரு ராத்திரி பிள்ளை சொறியாமல் விடியும் வரை தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று அறிவுச்செல்வி மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள்.

பிறகு அதிகாரிகள் வந்து ஷாப்புக்குச் சீல் வைத்தார்கள். ரம்ஜானுக்கு எது மூடிக் கிடக்கும் என்று விசாரிக்க அவர்களுக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. கேட் முன்னால் கூடிய வேலைக்காரர்களிடம் மேனேஜர் சத்தம்கூடப் போடவில்லை.

"நீங்கதானய்யா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீங்க. என் டேபிள்ல வச்சுத்தான போட்டீங்க? நானே மை டப்பா குடுத்தேனே!"

ஆல்வின் நத்தம் பக்கம் புளி உலுக்கப் போனான். புளி முடிந்ததும் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். ஒரு நாள் வேலை இருந்தால் மறுநாள் இருக்காது. தெருவில் லாரித் தண்ணீர் இருந்தது, உலையில் போட அரிசிதான் இல்லை. அறிவுச்செல்வி குடத்தோடு வரிசையில் நின்றால் முன்னும் பின்னும் ஆள் நகர்ந்து நிற்பார்கள். "வழி விடுங்கப்பா, கலெக்டரம்மா வர்றாக" என்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சுண்ணாம்புத் தொட்டிக்காரர் பொம்மையன் பத்துப் பேரோடு வாசலுக்கு வந்தார். அவருடைய மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் அந்த வாரம்தான் நின்றிருந்தது.

"மூடுனவதான் தொறக்கணும். எழுதும்மா."

"என்ன மாமா எழுதச் சொல்றீங்க? தண்ணி நல்லா இருக்குன்னா?"

"அதை நாங்க எப்படிச் சொல்றது? உனக்குத்தான் எழுத வரும்."

அறிவுச்செல்வி ஆல்வினைப் பார்த்தாள். மூட்டை தூக்கி அவன் தோள்பட்டை உரிந்திருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எழுது" என்றான்.

எழுதினாள். அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். முதல் வரியில் ஒரே கோரிக்கை: ஷாப்பைத் திறக்க வேண்டும். பிறகு கண்ணில் படுவது: எரியாத அடுப்புகள், நின்றுபோன கல்யாணம், பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பிள்ளைகள். அப்புறம் வழக்கம்போல அதிகாரியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் என்ன கேட்பார்? முதலில் தண்ணீரைக் கேட்பார். 'இந்தத் தண்ணீர் எங்களுக்குப் பழகிப்போனது' என்று எழுதினாள். அடுத்து, பிள்ளையின் உடம்பில் புண் என்று எழுதியிருந்தாயே என்பார்.

பேனா நின்றது. இந்த இடத்தை விட்டுவிட்டுத் தாண்டினால் மனு தோற்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

'என் மகளுக்கு வந்தது வெயில் கொப்புளம். தண்ணீரால் வந்ததல்ல.'

வாசித்துக் காட்டினாள். பொம்மையன் கும்பிட்டார். ஜெய்தூன் பீவி கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாசித்து முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதிகாரி மனுவை ஒருமுறை படித்தார். ஃபைலை வரவழைத்து, பழைய மனுவைப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார்.

"ரெண்டும் நீ எழுதுனதாம்மா?"

"ஆமா சார்."

"ரெண்டுமே நல்லா எழுதிருக்க. எது நெசம்?"

சத்யபிரியா சட்டைக் கையைச் சுருட்டப் பார்த்தாள். அறிவுச்செல்வி அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் குடுத்தது சார்."

கழிவுநீருக்குத் தொட்டி கட்டுகிறோம் என்று ஷாப்காரர்களும் எழுதிக் கொடுத்தார்கள். மழைக்கு முன்னால் சீலை எடுத்தார்கள். தெருவில் வெடி போட்டார்கள். பொம்மையன் மகளின் கல்யாணம் நடந்தது; பந்தியில் அறிவுச்செல்விக்கு முதல் இலை. தொட்டிக்குக் குழி மட்டும் தோண்டினார்கள்.

லாரியும் நின்றது. அறிவுச்செல்வி நகராட்சியில் போய்க் கேட்டாள். "தண்ணி நல்லாருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்துருக்கீங்களேம்மா" என்று அவள் வரிகளையே எடுத்துக் காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கிணற்றில் வாளியை இறக்கினாள். ஆல்வின் முதல் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம். வாளியின் மேலே நின்ற நுரையைக் கையால் வழித்துக் கீழே தள்ளினாள். பிள்ளையைக் கல்லில் உட்கார வைத்தாள்.

"கண்ணை இறுக்க மூடிக்க தங்கம்" என்று சொல்லிவிட்டு ஊற்றினாள்.