பையில் இருந்த சாவி

கடைக்கு வருகிறவர்கள் அவரைப் ‘பவர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், அரையிருட்டில், எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்காரவைத்துக் கண் சோதிப்பது அவர் வேலை. கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பார். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். தடுமாறுகிற வயதானவர்களிடம், “இது பரீட்சை இல்ல, தப்பா சொன்னாலும் ஃபெயில் போடமாட்டேன்” என்பார். கடையில்தான் பவர், வீட்டுக்கு வந்தால் வெறும் சார் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

வேறொரு நகரத்தில் புதுக் கிளை திறந்து, அதன் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் பின்னறையிலேயே காலம் தள்ளியவருக்கு, முன்னால் தனி மேசை என்றதும் தலைகால் புரியவில்லை. மனைவிக்கும் சம்மதம். அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். படிப்பு வருஷம் முடிகிறவரை விட்டு வர முடியாது, அவ்வளவுதான். சிக்கல் மகளிடம் இருந்தது.

மகளுக்குப் பதினைந்து வயது, வீட்டில் இன்னமும் ‘பாப்பா’. மேடை ஏறி நடிக்க மாட்டாள், பாட மாட்டாள். மேடைக்கு விளக்குப் போடுவாள். பள்ளி நாடகம் என்றால் ஓரமாக ஏணிமேல் உட்கார்ந்து, யார் அழும்போது எந்த வெளிச்சத்தை இறக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பள்ளியையும், கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ளும் தோழியையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்று தெரிந்த அன்று, சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்திவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவுக்கு வெளியே போய் நின்றார்.

“பாப்பா, நீ பாக்காம வீடும் கிடையாது, ஸ்கூலும் கிடையாது. நீ வந்து பாரு. நீ சொல்றதுதான்.”

“நிஜமாவா?”

“நான் என்னைக்காவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?”

கதவு திறந்தது. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு அவர் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார்.

முதலில் அவர் மட்டும் கிளம்பிப் போனார். கடைக்கு மேலே சரக்கு வைக்கிற அறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு தங்கினார். வீட்டுத் தரகர் ஒருவர் அவரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். பார்த்த வீடெல்லாம் ஏதோ ஒன்றில் இடித்தது. ஒன்றில் குழாயில் காற்றுதான் வந்தது. இன்னொன்றில் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இந்த வீடு. கடையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். தெருவின் இருபுறமும் மரங்கள், வாசலில் காவலாளி, சமையலறைக்குள் நல்ல வெயில். தெருமுனையில் அந்த ஊரிலேயே பெயர்பெற்ற பள்ளி. கடை முதலாளியின் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள்.

“சார், சாயங்காலம் இன்னொரு குடும்பம் வருது. அவங்க பாத்தா விடமாட்டாங்க. இது யோசிக்கிற வீடு இல்ல,” என்றார் தரகர்.

மனைவிக்கு ஃபோன் போட்டார். “நல்லா இருந்தா எடுத்துடுங்க. ஆனா பாப்பா கிட்ட நீங்களே சொல்லிடணும், சரியா?” என்றாள் அவள்.

“சொல்லாம எங்க போறேன்?”

பள்ளி அலுவலகத்திலும் அதே கதை. மகள் சேர வேண்டிய வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் என்றார் எழுத்தர். சரி என்று சொல்லிவிட்டார். மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே எல்லாம் முடிந்து, வீட்டுச் சாவி அவர் பைக்குள் வந்துவிட்டது. மகளின் படிப்புக்காகத்தான் செய்தோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதலாளி கேட்கும்போது அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது அவருக்குத் தெரியும். அதைத்தான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மகளிடம் விஷயத்தை உடைக்க ஃபோனை எடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். “அப்பா, நான் அங்க வந்தா எந்தெந்த ஏரியா பாக்கணும்னு இப்பவே யோசிச்சு வெச்சிட்டேன். உங்களுக்கு நல்லா கால் வலிக்கப்போகுது!” பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பேசினாள். நேரில் வரட்டும், வீட்டைப் பார்த்தால் அவளுக்கே பிடித்துவிடும், பிடித்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஃபோனை வைத்தார்.

விடுமுறையில் மகள் வந்தாள். காலையில் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். பையிலிருந்து சாவியை எடுத்துத் திறக்கும்போது, “பாத்துட்டு வரச்சொல்லி தரகர் குடுத்தாரு,” என்றார். அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சன்னலைத் திறந்து பார்த்தாள்.

“எப்படி இருக்கு பாப்பா? ரூமெல்லாம் எவ்ளோ பெருசு பாரு.”

“காலியா இருந்தா எல்லா ரூமும் பெருசாத்தான்பா தெரியும். நம்ம பீரோ வந்து நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, “வாங்க சார், அன்னைக்கே…” என்று ஆரம்பித்தார். “சும்மா சுத்திப் பாக்க வந்தோம்,” என்று இவர் அவசரமாக வெட்டினார். மகள் சுவரில் இருந்த புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. வகுப்பறைகள் பளிச்சென்று இருந்தன. வழிகாட்ட வந்த அம்மாளிடம், நாலு மணிக்கு மேல் இங்கே பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மகள் கேட்டாள். “படிப்பாங்கம்மா,” என்றார் அந்த அம்மாள், வேறென்ன செய்வார்கள் என்பதுபோல.

மத்தியானத்துக்கு மேல் அவள் அவரைப் பேருந்தில் ஏற்றினாள். ஊரின் மறுகோடியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பகுதி. கீழே டயர் கடைகளும் வெல்டிங் பட்டறைகளும், மேலே வீடுகள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். அங்கே மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு பள்ளி. சுவரில் காரை உதிர்ந்திருந்தது. ஆனால் உள்ளே பெரிய மண்டபம், நிஜமான மேடை, மேலே வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட விளக்குகள். நாடக டீச்சர் இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தார். விளக்குகளைப் பற்றி மகள் கேட்ட முதல் கேள்வியிலேயே டீச்சரின் முகம் மலர்ந்தது. “நீ விளக்குப் போடுவியா? எங்க பசங்க எல்லாம் மேடையில நிக்கத்தான் அடிச்சுக்கிறாங்க. வா, வா,” என்று விளக்குகளை இயக்கும் பலகை முன்னால் உட்காரவைத்தார்.

மகள் ஒரு குமிழை மெல்ல நகர்த்தினாள். வெறும் மேடைமேல் வெளிச்சம் விடியற்காலைபோல ஏறியது. அவர் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் சாவி தொடையில் குத்தியது.

திரும்பும்போது பேருந்தில், “அப்பா, இதுதான்,” என்றாள். “சத்தம்தான், ஒத்துக்கறேன். உங்களுக்குக் கடை தூரமாயிடும்னும் தெரியும். அதையும் யோசிச்சேன். ஏறினா இறங்கினா ஒரே பஸ். அம்மாவுக்கு மார்க்கெட் பக்கம். அந்த வீடு நல்லாருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா எடைபோட்டுப் பாத்தா இதுதான் கனமா இருக்கு.”

அவர் அப்போதாவது சொல்லியிருக்கலாம். “யோசிக்கலாம்மா,” என்றார்.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த மஞ்சள் பள்ளியின் பக்கமே போகாமல், ஃபோனில் சொன்னார்: “கேட்டுப் பாத்தேன் பாப்பா. அங்க இடமே இல்லையாம்.”

“சரி விடுங்கப்பா. நீங்க போய்க் கேட்டீங்கல்ல, அது போதும்,” என்றாள்.

திட்டியிருந்தால்கூட அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

படிப்பு வருஷம் முடிந்து மனைவியும் மகளும் சாமான்களோடு வந்திறங்கினார்கள். மகள் தெருமுனைப் பள்ளியில் சேர்ந்தாள். அழவில்லை, முறைக்கவில்லை; தன்பாட்டுக்குப் போய்வந்தாள். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. முதலாளி ஒருநாள் கேட்டபோது அவர் பள்ளியின் பெயரைச் சொன்னார். “பரவாயில்லையே!” என்று முதலாளி தோளில் தட்டினார். ஆசைப்பட்டுக் காத்திருந்த அந்தத் தட்டு, அவருக்கு அடிபோலத்தான் விழுந்தது. வீட்டில் மகள் எதற்காவது சிரித்தால் நிம்மதி வரும். உடனே, இந்தச் சிரிப்பும் தெரியாமல் சிரிக்கிற சிரிப்புதானே என்று தோன்றும். அவளுக்கு மேசை விளக்கு வாங்கிக்கொடுத்தார், புதுச் செருப்பு வாங்கிக்கொடுத்தார். “என்னப்பா, லாட்டரி ஏதாவது அடிச்சுதா?” என்று அவள் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை மகள் கடைக்கு வந்து, அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று ஒரு அம்மாள் உள்ளே வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து.

“அட, விளக்குப் பொண்ணு! நீ ஏன்மா வரவே இல்ல? உனக்காக ஒரு இடத்தை யாருக்கும் குடுக்காம ரொம்ப நாள் வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே, யாருமே வந்து கேக்கலையே.”

அவர் பின்னறை வாசலில், கையில் சோதனைச் சட்டத்தோடு நின்றார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கியது.

“வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல் கிடைச்சுது மிஸ். சொல்லாம விட்டது என் தப்புதான்,” என்றாள் மகள்.

தப்பை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் அந்த அம்மாளை உள்ளே உட்காரவைத்துக் கண் சோதித்தார். வாய் பழக்கத்தில் கேட்டுக்கொண்டே போனது. பதில் எதுவும் காதில் ஏறாமல் முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்தார்கள். பாதித் தெருவில் அவள் கேட்டாள்:

“வீடு எப்ப எடுத்தீங்க?”

“நீ வர்றதுக்கு முன்னாடி.”

“ஸ்கூலு?”

“அதுவும்தான்மா.”

அவள் நின்றுவிட்டாள். “கடைக்கு வர்றவங்ககிட்ட இது தெளிவா அது தெளிவான்னு கேட்டுட்டு, ஏற்கெனவே செஞ்சு வெச்ச கண்ணாடியத்தான் மாட்டி அனுப்புவீங்களாப்பா?”

“பாப்பா…”

“முடிவு பண்ணிட்டேன்னு நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதான். நான் ஊரெல்லாம் சுத்தி, உங்களுக்கு பஸ் இருக்கா, அம்மாவுக்கு மார்க்கெட் இருக்கான்னு பாத்துட்டிருந்தேனே, அப்ப என்னைப் பத்தி மனசுக்குள்ள என்னதான்பா நினைச்சிட்டிருந்தீங்க?”

நடுத்தெருவில் நின்று, “தப்புதான்மா, ரெண்டு தடவை பொய் சொன்னேன், இல்ல, அதுக்கும் மேல,” என்று மட்டும் சொன்னார். அவள் முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து எது கேட்டாலும், “உங்க இஷ்டம்” என்பாள். வெளியே போகலாமா, உங்க இஷ்டம். சன்னலுக்கு என்ன நிறத்தில் திரை வாங்கலாம், உங்க இஷ்டம். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. மனைவி அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொல்லிட்டீங்கன்னுதானே நான் வாயத் திறக்காம இருந்தேன்? இப்ப நானும் சேர்ந்து ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு. என்னையும்தான் நிமிர்ந்து பாக்கமாட்டேங்கறா.”

அவர் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, மகள் சொன்ன அதே பேருந்தில் ஏறி மஞ்சள் பள்ளிக்குப் போனார். நாடக டீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். டீச்சர் புதுக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? அவ வர்றதா இருந்தா வரட்டும், அடுத்த வருஷத்துக்கு இடம் இருக்கு,” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். “ஸ்கூலை மாத்திக்கலாம். வீட்டையும் அங்கயே பாத்துக்கலாம். இந்த வீட்டைக் காலி பண்றேன்னு இன்னும் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. நீ எப்படி சொல்றியோ அப்படி.”

இந்தத் தடவை அவள் ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்,” என்றாள். யோசிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டாள். யாரையும் கூப்பிடாமல் தானே மஞ்சள் பள்ளிக்கு ஒருமுறை போய்வந்தாள். இவர் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவள் மாறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். சொல்லிவிட்டால் தன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது இறங்கிவிடும்.

ஒரு சாயங்காலம் அவளே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நான் இங்கயே படிக்கறேன். எனக்கு இங்க ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சிருக்கா. கெமிஸ்ட்ரி சாரும் நல்லா நடத்தறாரு. மறுபடியும் எல்லாத்தையும் பிச்சுப் போட எனக்குத் தெம்பில்ல. சனிக்கிழமை மட்டும் அங்க போய் விளக்கு வேலை செய்யறேன், டீச்சர் வரச்சொல்லிட்டாங்க.”

“எனக்காக இருக்கேன்னு…”

“உங்களுக்காக இல்லப்பா,” என்றாள் பட்டென்று. “அதையும் நீங்களே முடிவு பண்ணாதீங்க.”

அவர் தலையாட்டினார். அவளுக்கு இது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அவர் எதிர்பார்த்த நிம்மதி அதில் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது அவள் கடமையும் இல்லை என்று மெல்ல மெல்லத்தான் அவருக்குப் புரிந்தது. சனிக்கிழமைகளில் கூட வரட்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்டார். “வேண்டாம், எனக்கு பஸ் தெரியும்,” என்றாள். அதோடு விட்டுவிட்டார்.

அம்மாமேல் மகளுக்கு இருந்த கோபம் தணிந்துவிட்டது; ஆனாலும் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் கடையிலிருந்து வந்து குடையை மடக்கியபோது, சமையலறையில் மகள் சூடான விளக்கைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட விரலை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா மருந்து தடவ, அவள் நீல வெளிச்சத்தில் மனுஷ முகம் ஏன் நோயாளி முகம்போலத் தெரிகிறது என்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே போனாள். அவர் ஈரக் குடையைக் கையில் பிடித்தபடி, எதுவும் கேட்காமல், வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.