ஆரஞ்சுக் கோடு

என்ற பையன் மெட்ராசுல வேலையில இருக்கறானுங்க. போன வருசம் ஊர்க் கோயிலு நோம்பிக்கு வாரப்போ காந்திபுரத்துல எறங்கி, ஒரு கடையில பழைய கம்ப்யூட்டர் ஒண்ண வாங்கியாந்தான். எதோ ஆபீசுல வேண்டாம்னு கழிச்சுப் போட்டதாமா. கம்ப்யூட்டர்னா பெருசா இருக்கும்னு நானும் முன்னால இருக்கற ஆசாரத்துல மேசையெல்லாம் ஒதுக்கித் தொடச்சு வெச்சிருந்தேன். பையில இருந்து எடுத்தான் பாருங்க, ரெண்டு சோப்பு டப்பாவ ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாப்பல இருக்குது. இது கம்ப்யூட்டரா, இல்ல கம்ப்யூட்டரு போட்ட குட்டியான்னு கேட்டேன். என்ற ஊட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு, ஒயரு வெச்ச சோத்துப் பொட்டின்னு சொல்லிப்போட்டு அவுரு சோலியப் பாக்கப் போயிட்டாரு.

பையன் அந்தப் பொட்டிய டிவிக்குப் பின்னால ஒட்டி, ஒயரச் சொருகி, ரிமோட்ட என்ற கையில குடுத்தான். சினிமாப் படம், சாமிப் பாட்டு, எங்கூட்டுப் பழைய வீடியோ கேசட்டு எல்லாமே அதுக்குள்ளதான். நான் மூணாங்கிளாசோட நின்னவ. இங்கிலீசு எழுத்து எனக்கு எறும்பு ஊர்ற மாதரதான் தெரியும். அதனால ஒவ்வொண்ணுக்கும் படம் போட்டு வெச்சுட்டான், படத்தப் பாத்து அமுத்துனாப் போதும். பாதியில நிறுத்துனா அந்தப் படத்துக்கு அடியில ஆரஞ்சுக் கலருல ஒரு கோடு வரும். எதுவரைக்கும் பாத்தமோ அதுவரைக்கும் கோடு. முழுசாப் பாத்துப்போட்டா டிக்கு. வாத்தியாருகிட்ட நான் வாங்காத டிக்கு பூராத்தையும் இந்தப் பொட்டிதானுங்க எனக்குப் போட்டுது.

இன்னொண்ணும் செஞ்சு வெச்சான். என்ற போன்ல நான் வீடியோ எடுத்தா அது தன்னால பொட்டிக்குள்ள போயி, டிவில வந்து நிக்கும். இத எங்கிருந்து வேணாலும் பாக்கலாமுங்கம்மா, எந்த நாட்டுல இருந்தாலும் பாக்கலாம்னு சொன்னான். அந்த ஒரு பேச்ச மட்டும் நான் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

சோமனூருல எங்க ஊடும் தறிக்குடோனும் ஒரே செவுருங்க. ஆறு தறி ஓடும். அந்தச் சத்தத்துலயே கெடக்கறவங்களுக்கு ரெண்டு கொணம் வந்துரும். ஒண்ணு, வெளிய வந்தாலும் கத்தித்தான் பேசுவோம். எங்கூட்டு ரகசியம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போகும். இன்னொண்ணு, தறி ஓடறப்போ கத்துனாலும் கேக்காதுங்கறதுனால, வாயசைவப் பாத்தே பேசிக்குவோம். கண்ணாலமான புதுசுல நானும் அவுரும் இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் நடுவால சத்தமில்லாமயே கொஞ்சியிருக்கறோம், சத்தமில்லாமயே சண்டையும் போட்டிருக்கறோம். இப்ப அவுருக்குக் காது முக்காவாசி போச்சு. டிவி வெச்சாருன்னா எதுத்த ஊட்டுக்காரங்க அவங்க டிவிய அமத்திப்போட்டு எங்கூட்டு நியூசையே கேட்டுக்குவாங்க. போனும் ஸ்பீக்கர்ல போட்டாத்தான் ஆகும்.

அதனாலதான் பையங்கிட்ட ஒரு சங்கதிய மட்டும் என்னால கேக்கவே முடியல. என்ற மகளப் பத்தி.

பையனுக்கு மூத்தவ அவ. பெங்களூருல வேலைக்குப் போன எடத்துல, கூட வேல பாத்த வேற எனத்துப் பையனக் கட்டிக்கிட்டா. ஆறு வருசமாச்சு. இப்ப ஜெர்மனில இருக்கறாங்க. மூணு வயசுல ஒரு பொண்ணு. பையன் போன்ல ஒருக்கா போட்டோ காமிச்சான், குளுருக்குத் தொப்பி போட்டுப் பாதி மூஞ்சி மறஞ்சு கெடக்குது. தெரிஞ்சதெல்லாம் மூக்குதான். என்ற மூக்கு. பாவம், அத்தன கடலு தாண்டியும் அந்தக் கொழந்தையால அதுல இருந்து தப்பிக்க முடியல.

கண்ணாலச் சேதி வந்தன்னிக்கு என்ற ஊட்டுக்காரரு கத்தவே இல்லீங்க. எப்பவும் கத்தியே பேசற மனுசன், மெதுவா, "இனி இந்த ஊட்டுல அவ பேச்சு வேண்டாம்"னாரு. அந்த மெதுவுலதான் எனக்குப் பயமாப் போச்சு. ஊரையே கேலி பேசறவ, அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் வாயக் கட்டிக்கிட்டேன்.

பையன் ஊருக்குப் போயி ஒரு மாசம் இருக்கும். ஒரு செவ்வாக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து டிவியப் போட்டேன். பழைய கேசட்டுப் படங்க இருக்கற எடத்துல, மகளுக்குக் காது குத்துன வீடியோவுக்கு அடியில ஆரஞ்சுக் கோடு. நான் அதத் தொடவே இல்லீங்க. தொட்டா அழுவேன்னு தெரிஞ்சு பக்கத்துலயே போகல. அவுரு பாத்திருந்தா தெருவே சேந்து பாத்திருக்கும், அத்தன சத்தம் வெப்பாரு. அமுத்திப் பாத்தேன். தாராபுரத்துப் பக்கம் எங்க கோயிலு. மாமன் மடியில உக்காந்திருந்த புள்ள, காதுல ஊசி போன ஒடனே வீறிட்டுத் துள்ளி அப்பங்கிட்டத் தாவுது. அவுரு தோள்ல போட்டுக்கிட்டுத் துண்டுல மூக்கத் தொடச்சு உடறாரு. கோடு அங்கதான் நின்னிருந்துச்சு. நான் கடேசி வரைக்கும் பாத்து முடிச்சேன், டிக்கு வந்துச்சு.

அடுத்த வாரம் பாத்தா டிக்கு போயி, மறுபடியும் அதே கோடு, அதே எடம்.

என்ற மனசுல வெளக்கு வெச்சாப்பல ஆச்சுங்க. தம்பிக்காரன் இதப் பாக்கற வழிய அக்காளுக்குக் குடுத்துட்டான், அவதான் அங்கிருந்து பாக்கறா, அப்பங்கிட்டத் தாவுற எடத்துக்கு மேல அவளுக்குப் பாக்க முடியல. இப்படி நானே முடிவு கட்டிக்கிட்டேன். பையங்கிட்டக் கேட்டா ஸ்பீக்கர்ல ஊரே கேக்கும். கேக்காமயே இருந்துட்டேன்.

மக்யா நாளு விடிஞ்சு, அவுரு தறிக்குப் பாவு நூலு வாங்கப் போன நேரத்துல, கொண்டையில பூ வெச்சுக்கிட்டு, போன எடுத்து மாவு டப்பாவுல சாச்சு வெச்சுப் பேச ஆரம்பிச்சேன். மொதல்ல என்ன பேசறதுன்னு தெரியல. கண்ணு, கொள்ளுப் பருப்பு கடையறேன் பாருன்னு கடஞ்சு காமிச்சேன். சாயங்காலம் அந்த வீடியோவுக்கு அடியில டிக்கு. கொள்ளுப் பருப்பு கடையறத முழுசாப் பாக்கறதுக்கு இந்த ஒலகத்துல என்ற மகள உட்டா வேற ஆருங்க இருக்கறாங்க.

அதுக்கப்பறம் தெனமும் ஒண்ணு. ஒப்புட்டுக்குப் பருப்பு வேக வெக்கற பதம், பக்கத்தூட்டு மருமக வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு வேலியில போயி உட்டது, எல்லாம் சொன்னேன். பேத்திக்குத் தனியா, நாந்தான் கண்ணு உன்ற அம்மிச்சி, மூக்கப் பாத்தாலே தெரியலயான்னு கேட்டேன். அவுரப் பத்தித்தான் எச்சாப் பேசுனேன். சக்கர வியாதி இருந்தும் அரிசி டப்பாவுக்குள்ள கைய உட்டு நான் ஒளிச்சு வெச்ச கருப்பட்டியத் திங்கறாருடா, மூஞ்சி மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வந்தவராட்டம் வெச்சுக்குவாரு. கொழாயி மூணு மாசமா ஒழுகுது, உங்கப்பனுக்கும் அதுக்கும் என்ன ஒப்பந்தமோ தெரியல. இப்படியே.

ஒவ்வொண்ணுக்கும் டிக்கு வந்துச்சுங்க. எங்க மாட்டுப் பாலச் சொசைட்டியில ஊத்தப் போயிட்டு வந்தா, கை கழுவறதுக்கு முன்னால டிவியத்தான் போடுவேன். அந்த டிக்கப் பாத்துப்போட்டு அடுப்பப் பத்த வெச்சாத்தான் கை ஓடும். ஆறு வருசமா இல்லாத பசி எனக்கு வந்துச்சு. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தா ஒரு சுத்து பெருத்திருந்தேன்.

ஒரு நாளு பாத்தா கொழாய்க்காரன் வந்து நிக்கறான். இன்னொண்ணு, அரிசி டப்பாவுல கருப்பட்டி வெச்சது வெச்சபடி இருக்குது. மகள் தம்பிகிட்டச் சொல்லி, தம்பி அப்பங்கிட்டச் சொல்லியிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். ஊருக்கெல்லாம் கண்டுபுடிச்சுச் சொல்றவளுக்கு, ஊட்டுக்குள்ள இருக்கறது தெரியல பாருங்க.

கடேசியா ஒரு வீடியோவுல கேலியெல்லாம் உட்டுப்போட்டேன். வந்துரு கண்ணு, அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒருக்கா வந்துரு, அவுரு பேசாட்டிப் போறாரு, கதவத் தொறக்கற கை என்றதுன்னு சொன்னேன். அதோட நிறுத்திட்டேன்.

மக்யா நாளு நாலு மணிக்குப் பாலு ஊத்தப் போனா, பால் வண்டி பழுதாகி இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. கேன அங்கயே வெச்சுட்டு ஊட்டுக்கு வந்தேன். பக்கத்துக் குடோன்ல தறிச் சத்தம் மட்டுந்தான் கேக்குது, டிவிச் சத்தமே இல்ல. ஆசாரத்துல கால வெச்சா, அவுரு முக்காலியப் போட்டு டிவிக்கு மொழம் தூரத்துல உக்காந்திருக்கறாரு. டிவி பூராவும் என்ற மூஞ்சி. சத்தத்த ஒண்ணுமில்லாம கொறச்சு வெச்சுட்டு, என்ற வாயையே பாத்துக்கிட்டிருக்கறாரு. நான் என்ன சொல்றனோ அது அவுரு ஒதட்டுலயும் ஓடுது. தறிக்குள்ள நின்னு பாப்பாரே, அதே பார்வைங்க. கதவத் தொறக்கற கை என்றதுன்னு என்ற வாயி சொல்லுது, அவுரு ஒதடும் சொல்லுது.

எனக்கு அழுக வரலீங்க, ஆத்தரம்தான் வந்துச்சு. அத்தன நாளு பேசுனது, பூ வெச்சது, ஒப்புட்டுத் தட்டுனது எல்லாம் இந்த மனுசனுக்கா. என்ற மகளுக்கு ஒரு சொல்லுகூடப் போயிச் சேரலியா. நேரா அவுரு பக்கத்துல போயி நின்னேன்.

அவுரு திரும்பிப் பாத்தாரு. டிவிய அமத்தல. மறைக்கவுமில்ல.

"அவ என்ன சொன்னா? எப்ப வாராளாமா?"ன்னு கேட்டாரு.

"அவளுக்குப் போகவே இல்லீங்க. பாத்தது பூராவும் நீங்கதான்"னேன்.

அவுருக்கு வெளங்கவே சித்த நேரமாச்சு. நான் மகளுக்கு அனுப்பிக்கிட்டிருக்கறேன்னு நெனச்சு, அவுரு சத்தங்காட்டாம உக்காந்து பாத்திருக்கறாரு. மகள் பாக்கறான்னு நெனச்சு நான் பேசியிருக்கறேன். ரெண்டு கெழமும் ஒரு பொட்டிக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டு இருந்திருக்கறோம். அவ காதுகுத்துக் கேசட்டயும் அவுருதான் அந்தத் துண்டுல மூக்கத் தொடைக்கற எடம் வரைக்கும் பாத்துப்போட்டு நிறுத்தியிருக்கறாரு. ஏன் அங்கயே நிறுத்துனீங்கன்னு நான் கேக்கல. கேக்கறதுக்கு அதுல என்ன இருக்குது.

பையனுக்குப் போன் போடச் சொன்னாரு. போட்டேன், ஸ்பீக்கர்லதான். என்ற கையில இருந்து போன வாங்கி வாய்க்கிட்ட வெச்சுக்கிட்டுக் கத்துனாரு.

"உன்ற அக்காளுக்கும் தெரியற மாதர இந்தப் பொட்டியச் செஞ்சு உடு."

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. எதெதக் காமிக்கறதுங்கன்னு கேட்டான். எல்லாத்தையும்னாரு. நான் நடுவால பூந்து, கருப்பட்டி வீடியோவுமான்னு கேட்டேன். ஒரு நிமிசம் ரோசன பண்ணிட்டு, அதயும்தான்னாரு. பையன் பத்து நிமிசத்துல முடிச்சுட்டான். ஆனா அக்காளுக்குத் தனியா ஒரு கணக்கு போட்டுக் குடுத்திருக்கறதுனால, அவ பாத்தா எங்க டிவில கோடு வராதாமா. நான் கேட்டுச் சொல்றேங்கம்மான்னான். இத்தன நாளு பொய்க்கோட்டப் பாத்துச் சந்தோசமா இருந்தேன், நெசமா அவ பாக்கறப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது.

அன்னைக்குப் பொழுதோட அவுரு வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்தாரு. பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட இத்தன விறைப்பா உக்காரல. என்னையும் எடுன்னாரு. எடுத்தேன். மன்னிப்பு, பாசம், அந்த மாதர ஒண்ணுமே பேசலீங்க. எடுத்த எடுப்புல வழி சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

"ஏர்போர்ட்டுல இருந்து வாரப்போ டாக்சிக்காரன் நேரா வாரேம்பான், கேக்காத. நம்மூரு ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கறாங்க, குலுக்கி எடுத்துரும். கருமத்தம்பட்டியிலயே எறங்கிக்க. நான் காரு சொல்லிச் சுத்து வழியாக் கூட்டியாந்தர்றேன். புள்ளைக்கு வாந்தி வந்தா எலுமிச்சம்பழம் கொண்டாறேன்."

அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிட்டாரு. வாரியான்னு ஒரு வார்த்த கேக்கல. வந்துட்டவளுக்குச் சொல்றாப்பல வழியச் சொல்லிப்போட்டாரு. நான் போனப் புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன்.

நாலு நாளு ஒண்ணுமில்ல. அந்த நாலு நாளும் நான் ஒரு வீடியோகூட எடுக்கல, வாயே வரல. அஞ்சாம் நாளு பையன் கூப்புட்டான். அக்கா எல்லாத்தையும் பாத்துட்டாங்கம்மா, அப்பா பேசுனத நெறைய தடவ பாத்திருக்கறான்னு சொன்னான். வாராளா இல்லியாடான்னு கேட்டேன். அதச் சொல்லலீங்களாமா. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டாளாம். அந்த ரோட்டு வேல எப்ப முடியும்னு.

அன்னைல இருந்து என்ற ஊட்டுக்காரரு தெனமும் பொழுதோட மொபெட்ட எடுத்துக்கிட்டுப் போயி அந்த ரோட்டப் பாத்துட்டு வாராரு. வேல செய்யறவங்ககிட்ட நின்னு கத்திக் கத்தி வெசாரிக்கறாராம், காண்ட்ராக்டருன்னு நெனச்சுச் சில பேரு வணக்கம் வெக்கறாங்களாமா. நான் வாசல்ல நின்னுக்கிட்டிருப்பேன். நேத்திக்கு வண்டிய நிறுத்தக்கூட இல்ல, தெரு முக்குல வாரப்பவே, ஜல்லி கொட்டியிருக்கறாங்கன்னு வாயசைச்சாரு.